ஜெமீலாவின் கண்ணாடிக் கோட்டு

மாரி காலத்தில் மூதூர் ஜெட்டியில் காலை லோஞ்சுப் படகுக்கு நிற்கிற சனத்தைப் பார்த்தால் வெளியூர்க்காரர் எவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆசிரியை, கிளாக்கர், மீன் வியாபாரி, ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, எல்லாரும் ஒரே உடுப்பில் நின்றார்கள். உள்ளே போட்டிருக்கிற சட்டையின் கோடும் பொத்தானும் பையில் குத்தியிருக்கிற பேனையும் அப்படியே வெளியே தெரிகிற பொலித்தீன் கோட்டு. கடையில் உறை போட்டு அடுக்கி வைத்த பாண் மாதிரி வரிசையாக நின்றார்கள். அந்தக் கோட்டுகளில் பாதிக்கு மேல் ஜெமீலா தைத்தவை.

சிரிக்கிறவர் சிரித்துவிட்டுப் போகட்டும். தொண்ணூறுகளின் நடுவில் கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலை டவுனுக்குப் போகிற எவரும் நேவியின் சோதனையை இரண்டு தரம் தாண்ட வேண்டும். மூதூர்க் கரையில் ஒன்று, டவுன் கரையில் ஒன்று. உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிய பயம் நாடு முழுக்க இருந்த காலம் அது. தடித்த உடுப்பு, இருண்ட உடுப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத உடுப்பு, எதைக் கண்டாலும் சென்ரிக் காவலில் நிற்கிற பொடியனின் விரல் துவக்கில் இறுகும். அதனால் சனம் ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மழைக்கு உடுப்பு வாங்கப் போகிறவர் மழையைப் பற்றி யோசிப்பதை விட்டு வருடக்கணக்காகியிருந்தது.

ஜெமீலா மூதூரிலேயே பிறந்தவள். வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டில், வாப்பா வாங்கிக் கொடுத்த தையல் மெசினோடு குடும்பம் நடத்தினாள். அவளுடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் ஊரில் குறைவு. முதலில் சட்டை, பாவாடை, பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்பு என்று தைத்தாள். சண்டை முற்ற முற்றப் புது உடுப்புத் தைக்கிறவர்கள் குறைந்து போனார்கள், மழை மட்டும் குறையவில்லை. டவுன் கடைகளில் கிடைத்த மழைக்கோட்டு கறுப்பிலும் கடும் பச்சையிலும்தான் இருந்தது. போராளிகளின் உடுப்பு மாதிரித் தெரிகிற பச்சையைப் போட்டுக்கொண்டு நேவிக்கு முன்னால் போய் நிற்க யாருக்குத் துணிவு வரும்? ஜெமீலா சுருளாக விற்கிற பொலித்தீனை வாங்கினாள். தலை போகிற அளவுக்கு ஒரு வெட்டு, பக்கங்களில் முடிச்சுப் போட நாடா. அவ்வளவுதான் கோட்டு.

அதற்கு அவள் முதலில் பொக்கெற்றும் வைத்துத்தான் தைத்தாள். வாங்க வந்த மீன் வியாபாரி அதைக் கண்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பொக்கெற் வேணாம் புள்ள. பொக்கெற் இருந்தா நம்மளை அறியாமலே கை உள்ளுக்குப் போயிரும். கை உள்ளுக்குப் போனா அவன் பார்த்துக்கொண்டா இருப்பான்?"

தலைமூடி வைத்தாள். அதுவும் சரிவரவில்லை. கிளிவெட்டிப் பக்கமிருந்து வந்து கரைவலையில் வேலை செய்த மூத்ததம்பி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காதை மூடினா அவங்கள் நில் எண்டு கத்திறது கேக்காது தங்கச்சி. ஒருக்காக் கேக்காட்டி, பிறகு ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

இப்படி ஒவ்வொருவராக வந்து ஒவ்வொன்றாகக் கழித்ததில் நாடாவும் போய்க் கடைசியில் மிஞ்சியது தலைக்கு ஒரு ஓட்டையும் பொலித்தீனும்தான். பக்கங்கள் திறந்திருந்ததால் ஒரே இழுப்பில் தலைவழியே கழற்றிவிடலாம். அந்தக் கோட்டு வெளியே இருந்து வருகிற தண்ணீரைத் தடுத்தது. ஆனால் உள்ளே வேர்வையை அடைத்து வைத்து ஆளைக் குளிப்பாட்டியது. ஜெட்டியை விட்டு வெளியே வந்து கழற்றினால் மழையில் நனைந்தவரும் கோட்டுப் போட்டவரும் ஏறக்குறைய ஒரே ஈரம். மற்றவர்களுக்கு அது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஜெமீலாவின் புருஷன் ஸெய்னுதீனுக்கு அது உயிர் போகிற காரியம்.

ஸெய்னுதீன் கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். தயிர் வியாபாரம். எருமைப்பட்டிக்காரர்களிடம் தயிர் எடுத்து, சட்டிகளைக் கயிற்று உறியில் கட்டி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு காலை லோஞ்சில் டவுனுக்குப் போவார். அதிர்ந்து பேசாத மனிதர். சோதனையில் தயிருக்குள் கம்பி விட்டுப் பார்க்கிறபோதும் ஒன்றும் சொல்லமாட்டார். கம்பி விட்ட சட்டியை ஒருவரும் வாங்கமாட்டார்கள், அதைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் சோற்றுக்கு வைத்துக்கொள்வார். அந்த வீட்டில் மாரி முழுக்க மத்தியானம் தயிர்ச்சோறுதான் என்று அயலில் பகிடி பண்ணுவார்கள்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வேர்த்த உடம்போடு லோஞ்சில் ஏறி, நடுக்குடாவில் வாடைக்காற்றுப் பட்டால் அன்றைக்கே இழுப்புத் தொடங்கிவிடும். டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜெமீலாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நெஞ்சு ஈரமாகக் கூடாது. மழை ஈரமோ, வேர்வை ஈரமோ, எது எண்டாலும் ஒண்டுதான். இன்னும் கொஞ்ச மாரி இப்பிடிப் போனா அவருக்குத் தாங்காது."

தயிரை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. லோஞ்சை விட்டால் டவுனுக்கு வேறு வழியும் கிடையாது, தரைப்பாதையில் இருந்த சென்ரிகளைத் தாண்டித் தயிர் போய்ச் சேர்வதற்குள் மோராகிவிடும். ஊருக்கெல்லாம் கோட்டுத் தைக்கிற ஜெமீலாவால் தன் புருஷனுடைய நெஞ்சைக் காயவைக்க ஒரு கோட்டுத் தைக்க முடியவில்லை. அந்த ஆற்றாமையில் அவள் அவரையே ஏசுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் ஹிஸ்புல்லா வந்து சேர்ந்தான். ஜெமீலாவின் மாமி மகன், மச்சான் முறை. கொழும்பில் புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரம். வெளிநாட்டுக்கு உடுப்புத் தைக்கிற கார்மென்ற்ஸ்களில் பிழை என்று கழித்ததைக் கட்டுக்கட்டாக எடுத்து விற்பான். ஒரு கார்த்திகை மாதம், ஒரு மூட்டை ஜக்கெற்றோடு வந்து திறந்தான். நீலம், சாம்பல், செங்கல் நிறம். பச்சையைத் தானே கழித்துவிட்டு வந்திருந்தான், அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

"வெள்ளைக்காரன் மலையேறப் போடுற ஜக்கெற் மச்சி. வெளியால தண்ணி வராது. உள்ளால வேர்வை போகும்."

"தண்ணி வர ஏலாத துணியால வேர்வை மட்டும் எப்பிடிப் போகும்? புறக்கோட்டைக் கதையை என்னட்ட விடாத."

"எனக்கென்ன தெரியும்? அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க."

ஜெமீலா ஒரு ஜக்கெற்றின் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் சேம்பிலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. அது பொலித்தீனும் செய்கிற வேலைதான், அவள் மசியவில்லை. குசினிக்குள் போய்க் கோப்பையில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி ஊற்றி, அதன் வாயில் ஜக்கெற் துணியை இழுத்துப் பிடித்து, மேலே ஒரு எவர்சில்வர் மூடியைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் மூடியில் ஆவி படிந்தது. விரலால் கோடு இழுத்துப் பார்த்தாள். பொலித்தீனை வைத்து அதே மாதிரிச் செய்தாள். மூடி வெறுமையாகவே இருந்தது, ஆவியெல்லாம் பொலித்தீனின் அடியில் துளிதுளியாகத் தொங்கியது. ஜெமீலா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டைக்குள் கையை விட்டு ஸெய்னுதீனுக்கு அளவான சாம்பல் நிற ஜக்கெற் ஒன்றைத் தேடி எடுத்தாள். ஒரு கையில் தையல் கோணியிருந்தது, அதுதான் கார்மென்ற்ஸ்காரன் கண்ட பிழை. அதை அன்றே பிரித்துத் தைத்தாள்.

ஒரு கிழமை எல்லாம் நல்லபடி போனது. மூதூர்க் கரை நேவிக்கு ஸெய்னுதீனைத் தெரியும். டவுன் கரையிலும் தெரிந்தவர்களே நின்றார்கள். அவர் சிப்பைத் திறந்து காட்டிவிட்டுப் போய்வந்தார். வீட்டுக்கு வந்து கழற்றினால் சட்டை காய்ந்திருந்தது. இரவில் படுத்துத் தூங்கினார். ஜெமீலா எழும்பிப் போய் அவருடைய மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து படுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு டவுன் கரையில் ஆள் மாறியது. புதிதாக வந்த பொடியன், மழையில் ஒரு சாம்பல் நிறத் தடித்த உடுப்பு தன்னை நோக்கி வருவதைக் கண்டான். இரண்டு கையிலும் ஏதோ தொங்குகிறது. துவக்கைத் தூக்கி, "அரின்ன! அரின்ன!" என்று கத்தினான். திற என்கிறான் என்று ஸெய்னுதீனுக்கு விளங்கியது. ஆனால் கையில் தயிர்ச்சட்டி. போட்டால் உடையும், ஆறுதலாக வைத்தால் அவன் பொறுக்கமாட்டான். குனிந்து வைத்துவிட்டுச் சிப்பை இழுத்தார். சிப்பில் உள்சட்டை சிக்கிக்கொண்டது. அவர் இழுக்க இழுக்க அது இறுகியது. துவக்கின் பூட்டுத் திறந்த சத்தம் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

பின்னால் நின்ற புஷ்பவதி ரீச்சர்தான் அவரைக் காப்பாற்றினார். உப்புவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர், சிங்களம் தெரியும். அவர் தயிர்க்காரர், தயிர்க்காரர் என்று சிங்களத்தில் கத்தினார். பொடியன் சுடவில்லை. ஸெய்னுதீனை மழையில் முழங்காலில் இருத்தி, ஜக்கெற்றைக் கழற்றி, உள்துணிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க நெஞ்சுப் பக்கத்தைக் கத்தியால் கிழித்தார்கள். ஒன்றும் இல்லை. போகச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் வந்தவர் கிழிந்த ஜக்கெற்றைக் கதிரையில் போட்டார்.

"இனி இதை நான் போடமாட்டன், ஜெமீலா."

"நல்ல உடுப்பு. தைச்சுத் தாறன்."

"உடுப்பில பிழை இல்லை. பொலித்தீனைத் தா. நனைஞ்சாலும் இழுப்புத்தானே வரும்."

மூட்டையில் மிஞ்சியதையும் ஒருவரும் தொடவில்லை. வந்து தடவிப் பார்த்தார்கள், என்ன மெதுமை என்றார்கள், தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பொலித்தீனை வாங்கிக்கொண்டு போனார்கள். புஷ்பவதி ரீச்சர் வெளிப்படையாகவே சொன்னார்: "இது நல்ல துணி எண்டு எனக்கு விளங்குது ராத்தா. ஆனா நான் ஆர் எண்டு அவங்களுக்கு உடனே தெரியவேணும். இந்தத் துணி என்னை மறைக்குது."

அந்த மாரியில் ஸெய்னுதீன் இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜெமீலா கட்டிலடியில் இருந்து யோசித்தாள். கத்திக் கிழிசலோடு இருந்த ஜக்கெற்றை அவள் தைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. எப்படியும் நெஞ்சில் ஓட்டை போட்டுவிட்டார்கள், அந்த ஓட்டையைப் பெரிதாக்கினால் என்ன என்று ஒரு நாள் அவளுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் சதுரமாக வெட்டி எடுத்தாள். மேசைக்கு மேலே விரிக்கிற தடித்த கண்ணாடிப் பிளாஸ்ரிக்கை அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள். உள்துணியை முழுக்க உரித்தாள். முன்பக்கத்துச் சிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கண்ணாடிக்கு ஒரு பக்கத்தில் ஒரே இழுப்பில் திறக்கிற மாதிரி ஒட்டுநாடா வைத்தாள்.

முதல் நாளே தையல் ஓட்டைகளால் தண்ணீர் வந்தது. அதோடு ஒட்டுநாடாவை இழுத்தபோது எழுந்த 'கிர்ர்' சத்தத்தில் மூதூர்க் கரை நேவிக்காரனே துள்ளிப்போனான். நல்ல காலம், அவன் தெரிந்தவன். ஜெமீலா ஒட்டுநாடாவைப் பிரித்துவிட்டுக் கொளுக்கி வைத்தாள். தையல் நெடுகச் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூஷனைப் பூசி, மேலே ரியூப்பில் வெட்டிய மெல்லிய பட்டியை ஒட்டினாள். வீடு முழுக்க ஒரு கிழமை சைக்கிள் கடை மணம். பிறகு தண்ணீர் வரவில்லை.

ஸெய்னுதீன் அதைப் போட்டுக்கொண்டு போன அன்று டவுன் கரையில் நின்றவன் குனிந்து, கண்ணாடிக்குள் தெரிந்த சட்டைப் பொத்தான்களைப் பார்த்தான். கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். கையைக் காட்டி, போ என்றான். பின்னால் நின்ற முழு வரிசையும் அதைக் கண்டது.

மூட்டை தீர்ந்தது. ஹிஸ்புல்லா அடுத்த மூட்டை கொண்டுவந்தான், அதற்கடுத்ததும் கொண்டுவந்தான். சனம் அதற்குக் கண்ணாடிக் கோட்டு என்று பெயர் வைத்தது. இப்போது வாங்க வருகிறவர்கள் துணியைத் தொட்டும் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தார்கள். ஒருவர் முதுகிலும் ஒன்று வேண்டும் என்றார். ஒருவர் நெஞ்சுக் கண்ணாடியை இடுப்பு வரைக்கும் இறக்கச் சொன்னார். பெண்களுக்குத்தான் சிக்கல். நெஞ்சில் கண்ணாடி வைத்த கோட்டை எந்தப் பெண் போடுவாள்? வயிற்றைச் சுற்றி மட்டும் கண்ணாடி வைத்து ஜெமீலா ஒரு மாதிரி தைத்தாள். புஷ்பவதி ரீச்சர் போட்டுப் பார்த்து, "மீன்தொட்டி மாதிரி இருக்கு," என்று சிரித்து, அடுத்த நாளே காசோடு வந்தார். மற்றப் பெண்கள் குடையே போதும் என்றிருந்தார்கள்.

வியாபாரம் நடந்தது. ஆனால் ஜெமீலாவுக்குத் தெரியும், அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. முதுகும் கையும் காய்ந்திருந்தன. கண்ணாடிக்கு அடியில் வேர்வை கோத்து நின்று சட்டையின் முன்பக்கம் மட்டும் தினமும் ஈரம். நெஞ்சுக்காக வாங்கிய உடுப்பு நெஞ்சைத் தவிர எல்லாவற்றையும் காத்தது. முன்னையைவிட இழுப்புக் குறைவுதான், ஆனால் விட்டுப் போகவில்லை. பின்னேரத்தில் ஸெய்னுதீன் கழற்றிப் போடுகிற சட்டையில் அந்தச் சதுர ஈரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. நேவியில், சண்டையில், இரண்டு பக்கத்துக்காரர்களிலும், தன் கையிலும் ஆத்திரம் வந்தது. சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

இப்படியே ஏழெட்டு மாரி போனது. இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நிறுத்த ஒப்பந்தம் வந்தது. முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் தயிருக்குள் கம்பி விடுவதை நிறுத்தினார்கள். பிறகு வரிசையை நிறுத்தினார்கள். மூதூர் ஜெட்டிக்குப் போகிற வழியில் மணல் மூட்டை அடுக்கியிருந்த காவலரண் வெறுமையாகி, ஆடுகள் ஒதுங்குகிற இடமாகிவிட்டது.

அந்தக் கார்த்திகைக்கு முன்னமே சனம் ஜெமீலாவின் வாசலுக்கு வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டுத் துணி வைத்துத் தரச் சொன்னார்கள். புதிதாக வாங்க வந்தவர்கள் முழுத் துணி ஜக்கெற்றே கேட்டார்கள். பொக்கெற் வேண்டும், சிப் வேண்டும், தலைமூடி வேண்டும். நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஜெமீலா வாழ்க்கையில் முதல் தடவையாக நிறத்தைப் பற்றி வாடிக்கையாளரோடு சண்டை பிடித்தாள். மூத்ததம்பி கறுப்பு வாங்கினார். வேண்டுமென்றே கறுப்பு வாங்கினதாகவும் சொன்னார். ஹிஸ்புல்லா புறக்கோட்டையிலிருந்து கடும் பச்சையையும் எடுத்து வந்தான், அதுவும் போனது. ஸெய்னுதீனுக்கு ஜெமீலா புது நீல ஜக்கெற் ஒன்றைத் தெரிந்தெடுத்து வைத்தாள். கிழிசல் இல்லை, கண்ணாடி இல்லை, முழுத் துணி. இனி அவருடைய நெஞ்சு காயும் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுகூர் செய்தாள்.

மழை தொடங்கிய முதல் கிழமையே அவர் தொப்பலாக நனைந்து வந்தார். ஜக்கெற்றின் முதுகில் தண்ணீர் உருண்டது. உள்ளே சட்டை கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் பிழிகிற ஈரம்.

"சிப்பைப் பூட்டல்லையா?"

"பூட்டினன்."

"பூட்டினா எப்பிடி இவ்வளவு ஈரம்? ஜக்கெற் ஓட்டையா?"

அவர் துவாயை எடுத்துத் தலையைத் துவட்டினார். ஜெமீலா ஜக்கெற்றை எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடுத்த நாள் காலையில் வாசலில் வைத்து அவளே சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அன்றும் நனைந்து வந்தார். மாதம் முடிவதற்குள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சண்டைக் காலத்திலும் அவ்வளவு மோசமாக இழுத்ததில்லை. பொலித்தீனும் கண்ணாடியும் மழையையாவது மறித்தன. அடுத்த தரம் கொண்டுவருகிறபோது நேரம் இருக்காது என்று டொக்டர் சொன்னார்.

விசயத்தைச் சொன்னது புஷ்பவதி ரீச்சர். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர் ஜெமீலாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனார்.

"ராத்தா, அவர் சிப்பைத் திறந்து விடுறார். அந்தப் பழைய சென்ரி வருமுன்னம் கயர்மரத்தடியில நிண்டு, சட்டியை வைச்சிட்டு, சிப்பை அடிமட்டும் திறந்து விரிச்சுவிட்டுத்தான் நடக்கிறார். பிறகு பூட்டுறதில்லை. டவுன்மட்டும் அப்பிடியேதான் போறார்."

"அங்க ஆர் நிக்கிறாங்க?"

"ஆடுதான் நிக்குது. அவர் மட்டுமில்லை, கனபேர் அப்பிடித்தான். நானும் ரெண்டு மூண்டு நாள் திறந்தனான்."

ஜெமீலாவுக்கு அப்போதுதான் தன் கண்ணிலேயே பட்டு, தான் கவனிக்காமல் விட்டது ஞாபகம் வந்தது. கறுப்பு ஜக்கெற்றைச் சொல்லிச் சொல்லி வாங்கிய மூத்ததம்பி கடைத்தெருவில் நெஞ்சைத் திறந்து போட்டு நனைந்துகொண்டு போனார். கண்ணாடியை எடுக்கச் சொன்னவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். நல்ல துணியைத் தேடி, கேட்டு, காசு கொடுத்து வாங்கிவிட்டு, மழைக்கு நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

கட்டிலடிக்குப் போய் அவள் ஸெய்னுதீனை ஏசவில்லை. அதுவே அவருக்குப் பயத்தைக் கொடுத்தது.

"ஏன் திறக்கிறீங்க?"

அவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "தெரியும், அங்க ஒருத்தரும் இல்லை எண்டு. நான் பைத்தியம் இல்லை. ஆனா அந்த இடத்துக்குக் கிட்டப் போக நெஞ்சு அடைக்குது, ஜெமீலா. திறந்தாத்தான் கால் நடக்குது. பிறகு பூட்டலாம் எண்டு நினைப்பன். கை போகுதில்லை."

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கொளுக்கி வைத்துப் பார்த்தாள். பொத்தான் வைத்துப் பார்த்தாள். பழைய கண்ணாடிக் கோட்டையே தரச் சொல்லி அவர் கேட்டார், அவள் மறுத்தாள். அதைப் போட்டால் அதே சதுர ஈரம், அந்த நெஞ்சு இனி அதையும் தாங்காது. ஜெமீலாவின் கையில் இருந்த தையல் எல்லாம் அத்தோடு முடிந்தது. துணியில் செய்வதற்கு இனி ஒன்றும் இருக்கவில்லை.

அவர் திரும்பவும் தயிர் எடுத்துப் போகத் தொடங்கிய முதல் நாள் மழை கொட்டியது. ஸெய்னுதீன் உறிகளைத் தூக்கிக்கொண்டு இறங்க, ஜெமீலாவும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

"நீ எங்க?"

"ஜெட்டிக்கு."

"சனம் பார்க்கும்."

"பார்க்கட்டும்."

அவள் இத்தனை வருடத்தில் அவரோடு ஜெட்டிக்குப் போனதில்லை. புருஷனோடு தெருவில் பக்கத்தில் நடக்கிற வழக்கமும் அவளுடைய குடும்பத்தில் இல்லை. கயர்மரத்தடியில் அவர் நின்றார். சட்டிகளை வைத்தார். சிப்பை அடிவரைக்கும் திறந்தார். ஜெமீலா திறக்க விட்டாள். இரண்டு பேருமாக வெறும் காவலரணைத் தாண்டினார்கள். ஆடுகள் படுத்திருந்தன. ஜெட்டியில் லோஞ்சுக்கு நின்ற சனம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

"இதில நில்லுங்க," என்றாள் ஜெமீலா. "சட்டியை வையுங்க."

அவர் வைத்தார். அத்தனை பேருக்கும் முன்னால் அவள் அவருக்கு நேரே போய் நின்று, குனிந்து, ஜக்கெற்றின் இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்தாள். அவளுடைய கை நெஞ்சுப் பக்கம் வந்ததும் ஸெய்னுதீனின் இரண்டு கையும் தாமாக மேலே போயின. தலைக்கு மேலே, விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் நேரே கடலைப் பார்த்தது. சிரிக்க வாயெடுத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். புஷ்பவதி ரீச்சர் வேறு பக்கம் திரும்பினார்.

ஜெமீலா சிப்பை ஆறுதலாகக் கழுத்துவரை ஏற்றினாள்.

"கையை இறக்குங்க," என்றாள். "நான்தானே."

அவர் இறக்கவில்லை. கேட்டதாகவே தெரியவில்லை. அவள் எட்டி ஒரு மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு மற்றதை. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு லோஞ்ச் ஊதும் வரைக்கும் மழையில் நின்றாள். அதன் பிறகு அவர் குனிந்து சட்டிகளைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களோடு ஏறினார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அவர் கழற்றிய சட்டை காய்ந்திருந்தது. அடுத்த நாளும் மழை. ஜெமீலா அடுத்த நாளும் போனாள்.